முன் இடது முப்பத்தேழு

மருந்துக்கடைக்காரரின் தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. கைவிரல்கள் பத்தில் ஒன்றுகூடத் தப்பவில்லை. பின்மண்டையில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம். நினைவு இன்னும் திரும்பவில்லை. மற்றபடி உடம்பில் கீறல் கிடையாது. சட்டைப் பொத்தான்கூட அறுபடவில்லை.

"வழிப்பறி இல்ல இது," என்றார் சர்வேயரம்மா, கட்டிலைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு.

இருபத்தாறு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, எது விபத்து, எது நாடகம் என்று பிரித்துச் சொன்னவர் அவர். ஓய்வு பெற்றபின் நசுங்கிய மனிதர்களையும் பார்க்க ஆரம்பித்திருந்தார். அவருக்கு உதவியாளன் கிளட்ச். நாற்பது வயது. முன்பு டிரைவிங் ஸ்கூலில் வாத்தியார். 'கிளட்ச்! கிளட்ச்!' என்று ஊருக்கே கேட்கும்படி அலறி அலறி அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

"பேசவும் முடியாது, எழுதவும் முடியாது," என்றான் கிளட்ச். "அடிச்சவன் படிச்சவன் மேடம். மளிகைக் கடைப் பட்டியல் மாதிரி டிக் அடிச்சு அடிச்சிருக்கான்."

"வாயை மூடு."

"அதுக்குத்தான் தாடை வேணும்."

கட்டிலருகே நின்ற மனைவி அழவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள், ஆனால் சொல்வதை வரிசையாகச் சொன்னார்.

"மூணு வாரமா எங்க வீட்ல ஒரே பேச்சுதான் மேடம். காம்பாக்ட் எஸ்.யூ.வி. வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டோம். எங்க சந்துல திரும்பணும், பள்ளத்துல அடி தட்டக்கூடாது. அதுல சண்டை இல்ல. புதுசா, பழசாங்கறதுலதான் சண்டை. அவருக்குப் பழசு போதும். எனக்கு அடுத்தவன் வியர்வை ஊறின சீட்டே ஆகாது."

"சனிக்கிழமை பழசு பாக்கப் போனீங்க."

"பழைய வண்டி விக்கிறானே, மீசைன்னு, அவனோட யார்டுக்கு. சாம்பல் கலர் வண்டி. மீட்டர்ல பதினெட்டாயிரம் கிலோமீட்டர்னு காட்டுச்சு. இவர் குனிஞ்சு பார்த்துட்டு, 'பதினெட்டாயிரம் ஓடின வண்டிக்கு பிரேக் பெடல் எப்படி இப்படி வழுக்கையாச்சு'ன்னு அத்தனை பேர் முன்னாடியும் கேட்டுட்டார். மீசைக்கு வந்ததே கோபம். 'இன்னொரு வார்த்தை பேசினா தாடையைப் பேத்துருவேன், கையை நீட்டினா பத்து விரலையும் ஒடிச்சிருவேன்'னு கத்தினான்."

கிளட்ச் கட்டிலைப் பார்த்தான். தாடை. பத்து விரல்.

"சொன்னதைச் செஞ்சிருக்கான். அரசியலுக்குப் போயிருந்தா வித்தியாசமா இருந்திருப்பான்."

"ஞாயித்துக்கிழமை இவரே இறங்கி வந்துட்டார்," என்று டீச்சர் தொடர்ந்தார். "'சரி, உன் இஷ்டம், புதுசே வாங்கலாம்'னார். ஷோரூம் போனோம். மத்த கலருக்கெல்லாம் நாலு மாசம் காத்திருக்கணும், வெள்ளை மட்டும் ஒண்ணு கையில இருக்குன்னு டெலிவரி மேனேஜர் சொன்னார். தங்கமான மனுஷன். முதல் நாள் பட்ட அவமானத்தையெல்லாம் அவர்கிட்டதான் கொட்டித் தீர்த்தேன். வெள்ளையையே புக் பண்ணினோம். திங்கட்கிழமை மத்தியானம், மீசையோட யார்டுக்குப் பின்சுவர் ஓரம் இவரைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிருக்காங்க."

போலீஸ் மீசையைப் பிடித்துக்கொண்டு போனது. ஆதாரம் போதவில்லை என்று இன்று காலையில் விட்டுவிட்டது.

நர்ஸ் கொடுத்த பிளாஸ்டிக் பையை சர்வேயரம்மா மேஜையில் கவிழ்த்தார். கைக்குட்டை, கடைச் சாவி, மாத்திரை போட்டுக் கொடுக்கும் சின்னக் காகிதக் கவர்கள் நாலைந்து. செல்போன் இல்லை. ஒரு கவரின்மேல் பேனாவால் கிறுக்கியிருந்தது.

*மு.இ. 37. மற்ற மூன்றும் 22. பிறப்பு 6.*

"முப்பத்தேழு மாத்திரையா?" என்றான் கிளட்ச். "யானைக்கு வைத்தியம் பார்த்தாரா?"

"யார் எடுத்துப் பார்த்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க. அடிச்சவனும் அப்படித்தான் நினைச்சு விட்டிருக்கான்." சர்வேயரம்மா கவரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு டீச்சரிடமே கொடுத்தார். "உங்க வீட்டுக்காரர் எதை வாங்கினாலும் தேதி பார்ப்பாரா?"

"தொழில் புத்தி மேடம். பிஸ்கட், பல்பு, சோப்பு, எதுலயும் முதல்ல தயாரிச்ச தேதியைத்தான் தேடுவார்."

"கிளட்ச், வண்டியை எடு. மீசையைப் பார்க்கணும்."

* * *

யார்டில் நாற்பது வண்டிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. மீசைக்கு ஆறடி உயரம். உள்ளே நுழைந்ததும் கிளட்ச் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அண்ணே, பத்து விரலும் ஒரே தள்ளுபடியிலயா, இல்ல தனித்தனி ரேட்டா?"

அடுத்த நொடி அவன் கழுத்து மீசையின் பிடியில் இருந்தது. முகம் ஒரு வண்டியின் பானெட்டில் மடாரென்று மோதியது. வெயிலில் கொதித்த தகடு கன்னத்தைச் சுட்டது. மூக்கிலிருந்து ரத்தம் கோடாக வழிந்து விளக்கின்மேல் சொட்டியது.

"ரெண்டு நாளா லாக்கப்ல என்னை மிதிச்சாங்கடா! செய்யாத வேலைக்கு மிதிச்சாங்க! நீ வேற வந்து கிண்டல் பண்றியா?" மறுபடியும் ஒரு மோதல்.

"மேடம்..." என்றான் கிளட்ச் தகட்டோடு தகடாக. "காப்பாத்துங்க... இல்ல, குறைஞ்சபட்சம் பாருங்க..."

சர்வேயரம்மா பார்க்கவில்லை. சாம்பல் நிற வண்டியருகே மண்டியிட்டு, ஒவ்வொரு சக்கரமாகத் தடவிப் படித்துக்கொண்டிருந்தார்.

"நாற்பத்தொண்ணு. எட்டு. எட்டு. பத்தொன்பது." எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "அவனை விடுப்பா. நீ அடிக்கலன்னு எனக்குத் தெரியும்."

மீசையின் பிடி தளர்ந்தது. ரெண்டு நாளில் அவனிடம் யாரும் சொல்லாத வார்த்தை அது.

"எப்படிம்மா தெரியும்?"

"நீ கோபக்காரன். இப்ப இவன் பல்லைக் காட்டினான், நீ அடிச்சது மூக்குல. கோபக்காரன் கைக்கு வந்த இடத்துல அடிப்பான். அந்த மனுஷன் மேல விழுந்தது நீ சொன்ன வார்த்தைக்கு வார்த்தை விழுந்த அடி. நீ பேசினதை யாரோ மனப்பாடம் பண்ணியிருக்கான்."

கிளட்ச் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தான். "இதைக் கண்டுபிடிக்க என் மூக்குதான் கிடைச்சுதா?"

"அந்தக் கவர்ல இருந்த நம்பர் டயர் நம்பர்டா. டயரோட பக்கவாட்டுல நாலு எண் அடிச்சிருக்குமே?"

கிளட்ச் மூக்கை மறந்தான். "ஆமா. முதல் ரெண்டு எண் டயர் செஞ்ச வாரம், அடுத்த ரெண்டு எண் வருஷம். அப்ப 'மு.இ.'ன்னா முன் இடது! முன் இடது டயர் முப்பத்தேழாவது வாரத்துல செஞ்சது. மத்த மூணும் இருபத்திரெண்டாவது வாரம். வருஷம் எழுதல, அப்ப எல்லாம் ஒரே வருஷம்தான்."

"பிறப்பு ஆறு?"

"வண்டி ஃபேக்டரியில பிறந்த மாசம். கதவு இடுக்குல தகட்டுல இருக்கும். ஆறுன்னா ஜூன்." விரல் விட்டு எண்ணினான். "முப்பத்தேழாவது வாரம்னா செப்டம்பர் நடுவுல. அதெப்படி மேடம்? ஜூன்ல வெளிய வந்த வண்டிக்கு செப்டம்பர்ல செஞ்ச டயரா? பொண்டாட்டி கட்டறதுக்கு முன்னாடியே பேரன் பிறந்த கதையா இருக்கே!"

"பழைய வண்டின்னா அதுல அதிசயம் இல்ல. டயர் மாத்தியிருப்பாங்க. எழுதி வெச்சுக்கிற அளவுக்கு அவர் அசந்துபோனார்னா..."

கிளட்ச் முடித்தான். "அது புது வண்டி."

மீசை இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "என்னம்மா பேசிக்கறீங்க? வர்றவன் போறவன் எல்லாம் என்னையே புடிக்கிறான். இப்படித்தான் ரெண்டு மாசம் முன்னாடியும் போலீஸ் வந்து என் யார்டையே புரட்டிப் போட்டுச்சு. விடிகாலையில தெரு பெருக்கிட்டிருந்த ஒரு பொம்பளையை எவனோ வண்டியை ஏத்திக் கொன்னுட்டுப் போயிட்டான். பிளாட்பாரத்துல ஏறி அடிச்சிருக்கான். டயர் வெடிச்ச சத்தம் ரெண்டு தெரு தள்ளிக் கேட்டுச்சாம். வெள்ளை வண்டி, நம்பர் பிளேட்டே இல்லைன்னு பால்காரன் சொன்னானாம். நம்பர் பிளேட் கழட்டின வண்டின்னா உடனே மீசை யார்டுதானா?"

"கழட்டல," என்றார் சர்வேயரம்மா மெதுவாக. "இன்னும் மாட்டவே இல்ல."

அவர் போனில் டீச்சரைக் கூப்பிட்டார். நாலாவது மணியில் எடுத்தார்.

"ஆஸ்பத்திரியில இல்ல மேடம். டெலிவரி மேனேஜர் கூப்பிட்டார். புக்கிங்கை ரத்து பண்றதா இருந்தா ஒரு கையெழுத்து போடணுமாம். ஸ்டாக்யார்டுக்கு வந்திருக்கேன். பாவம், ரொம்ப அக்கறையா விசாரிச்சார். உங்க வீட்டுக்காரர் ஏதாவது பேசினாரா, எழுதி வெச்சிருந்தாரான்னு..."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மாத்திரை கவர் பத்திச் சொன்னேன். என் கைப்பையிலதான் இருக்குன்னு. ஏன் மேடம்?"

"உடனே வெளிய வாங்க. அவர்கிட்ட எதுவும் பேசாம..."

லைன் அறுந்தது.

* * *

ஊருக்கு வெளியே தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. உள்ளே எண்பது புது வண்டிகள், சீட்டெல்லாம் பிளாஸ்டிக் உறையோடு, நம்பர் இல்லாத முகங்களோடு வரிசையாக நின்றன. ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது. வழியிலேயே இன்ஸ்பெக்டருக்குச் சொல்லியாகிவிட்டது. பதினைந்து நிமிஷம் என்றார். உள்ளேயிருந்து வந்த அலறலுக்கு அவ்வளவு நேரம் இல்லை.

கிளட்ச் முதலில் ஷட்டருக்கு அடியில் உருண்டான்.

இரண்டு வண்டிகளுக்கு நடுவே டீச்சர் தரையில் கிடந்தார். உதடு கிழிந்து ரத்தம் முகவாயில் இறங்கியிருந்தது. டெலிவரி மேனேஜர் ஒரு கையால் அவர் தலைமுடியைச் சுருட்டிப் பிடித்திருந்தான். மறு கையில் வீல் ஸ்பேனர். பளபளக்கும் வண்டியில் ரேகை படாமலிருக்க மாட்டும் வெள்ளைக் கையுறை இரண்டு கையிலும். கைப்பை கவிழ்ந்து கிடக்க, மாத்திரை கவர் அவன் பற்களுக்கிடையே இருந்தது. அதை மென்றுகொண்டிருந்தான்.

"சார்," என்றான் கிளட்ச். "டெஸ்ட் டிரைவ் கிடைக்குமா?"

ஸ்பேனர் பறந்து வந்தது போலத்தான் இருந்தது. அவ்வளவு வேகமாக அவன் பாய்ந்தான். முதல் அடி கிளட்சின் தோள்பட்டை எலும்பில். உலர்ந்த குச்சி முறிவதுபோல் சத்தம். இரண்டாவது அடி தலைக்கு வந்தது. கிளட்ச் சரிந்ததால் பக்கத்து வண்டியின் கண்ணாடி சிதறியது. சிதறியதில் பாதி அவன் முதுகில்.

"கவரைத் தின்னுட்டா போதுமா?" சர்வேயரம்மாவின் குரல் கொட்டகையின் நடுவிலிருந்து வந்தது. கூரையைத் தாங்கும் இரும்புத் தூணுக்கு முன்னால் நின்றிருந்தார். போனை உயர்த்திக் காட்டினார். "இதுல படம் இருக்கு. தெரு பெருக்கின அந்தம்மா கதையும் இருக்கு."

மேனேஜர் ஒரு கணம் யோசித்தான். தங்கமான மனுஷனின் முகம் கழன்று விழுந்தது. அருகில் நின்ற, டீச்சர் புக் செய்த அந்த வெள்ளை வண்டியில் தாவி ஏறினான். எஞ்சின் உறுமியது.

"மேடம், நகருங்க!" என்று தரையிலிருந்து கத்தினான் கிளட்ச்.

அவர் நகரவில்லை. வண்டி டயர் தேய்ந்து புகைய நேராக வந்தது. விளக்குகள் அவர் இடுப்பளவில் பெரிதாகின. இரண்டு கஜம் இருக்கும்போதுதான் பக்கவாட்டில் விழுந்தார். அறுபத்திரண்டு வயது உடம்பு சிமெண்டில் அறைந்தது. பின்னால் தூணும் வண்டியும் சந்தித்துக்கொண்ட சத்தத்தில் கூரைத் தகரமெல்லாம் அதிர்ந்தது.

பானெட் இரண்டாக மடிந்தது. ஸ்டீயரிங்கிலிருந்து ஏர்பேக் வெடித்து வந்திருக்க வேண்டும். எதுவும் வரவில்லை. மேனேஜரின் முகம்தான் ஸ்டீயரிங்குக்குப் போனது.

"ஒரு தடவை வெடிச்ச பை ரெண்டாவது தடவை வெடிக்காது," என்றார் சர்வேயரம்மா, எழுந்திருக்க முடியாமல் முழங்கையை ஊன்றி. "புதுசு வாங்கினா கம்பெனிக்குத் தெரிஞ்சுபோகும்னு கிழிஞ்ச பையை உள்ள திணிச்சு மூடியை ஒட்டியிருப்பான்னு ஊகிச்சேன்."

"ஊகமா?" கிளட்ச் வலியிலும் தலையைத் தூக்கினான். "அந்த ஊகத்தை நம்பியா வண்டி முன்னாடி நின்னீங்க?"

கதவு திறந்தது. மூக்கும் முன்பற்களும் ஒரே ரத்தக் கூழாக, மேனேஜர் இறங்கப் பார்த்தான். கால் நிற்கவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான்.

டீச்சர் எப்போது எழுந்து வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. கதவை இரண்டு கையாலும் பிடித்து, முழு பலத்தோடு அறைந்து மூடினார். அவன் விரல் சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே இருந்தது. கையுறை சிவப்பானது. அவன் போட்ட கூச்சல் கொட்டகையை நிறைத்தது.

"போதும்மா," என்றார் சர்வேயரம்மா.

டீச்சர் கதவை மறுபடி திறந்தார்.

"இன்னும் ஒன்பது இருக்கு."

நொண்டிக்கொண்டே வந்து சர்வேயரம்மா அவரைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார். டீச்சர் திமிறினார். உதறினார். பிறகு அந்தப் பிடிக்குள்ளேயே துவண்டார். இரண்டு நாள் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

தரையில் சரிந்த மேனேஜர், யாரும் கேட்காமலேயே பேச ஆரம்பித்தான். பல் போன வாயில் வார்த்தைகள் குழறின.

"புது வண்டியை ராத்திரி வீட்டுக்கு எடுத்துட்டுப் போவேன்... மீட்டர் ஒயரைக் கழட்டிட்டா யாருக்கும் தெரியாது. அன்னைக்கு விடிகாலையில திருப்பிக் கொண்டுவரும்போது கண் அசந்துட்டேன். வேணும்னு பண்ணலை."

"இறங்கிப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"உயிர் இருந்துச்சா?"

"விளக்கு உடைஞ்சு அவளைச் சுத்திக் கிடந்துச்சு. துண்டு கிடைச்சா கண்டுபிடிச்சிடுவாங்க இல்ல? பொறுக்கினேன். ஒண்ணு விடாம பொறுக்கினேன். அவ... பாத்துக்கிட்டே இருந்தா."

கிளட்ச் தன்னைச் சுற்றிக் கிடந்த கண்ணாடித் துண்டுகளை ஒரு கையால் தள்ளி ஒதுக்கினான்.

"திங்கட்கிழமை அவர் தனியா இங்க வந்து வண்டியைப் பார்த்தார். அவர் டயரைப் படிச்சுட்டுக் கேள்வி கேட்டார். மண்டையில அடிச்சே. மீசை சொன்னது ஞாபகம் வந்தது," என்று சர்வேயரம்மா மீதியைச் சொல்லி முடித்தார்.

டீச்சர் மெல்ல நிமிர்ந்தார். "மீசை சொன்னதை இவன்கிட்ட சொன்னது நான். ஒரு வார்த்தை விடாம நான்தான் சொன்னேன்."

"ஆமா."

"நான் சொல்லாம இருந்திருந்தா?"

"பழி போட ஆள் கிடைச்சிருக்க மாட்டான். அப்ப தாடைக்கும் விரலுக்கும் வேலையே இல்ல. மண்டையிலயே ரெண்டாவது அடி விழுந்திருக்கும். உங்க புலம்பல்தான்மா அவரை உயிரோட வெச்சிருக்கு."

சைரன் சத்தம் நெருங்கியது. டீச்சரை ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு, ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த கிளட்ச் ஒற்றைக் கண்ணைத் திறந்து கேட்டான். "நிஜமா மேடம் அது?"

"எனக்கென்ன தெரியும்? அந்தப் பொண்ணு இன்னைக்கு ராத்திரி தூங்கணும்."

* * *

எட்டாவது நாள் மருந்துக்கடைக்காரர் கண் விழித்துவிட்டார். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்ததால் பேச முடியவில்லை. கைகள் இரண்டும் மாவுக்கட்டில். டீச்சர் நடந்ததையெல்லாம் சொல்ல, அவர் விழித்தது விழித்தபடி கேட்டார். அந்த வெள்ளை வண்டியை அவர் தனியாகப் போய்ப் பார்த்தது ஏன் என்று டீச்சர் கேட்கவில்லை. மனைவி ஆசைப்பட்ட புது வண்டியில் குறை சொல்லும் முன் ஒருமுறை தீரப் பார்த்துவிடலாம் என்று நினைத்திருப்பார். அது டீச்சருக்குத் தெரியாதா என்ன?

மாலை பார்வையாளர் நேரத்தில் கதவருகே ஒருவர் வந்து நின்றார். தெரு பெருக்குபவர்களின் காக்கிச் சட்டை. வேலை முடிந்து நேராக வந்திருந்தார். செருப்பை வெளியே விட்டிருந்தார். சர்வேயரம்மாதான் எழுந்து போய் அவரை உள்ளே அழைத்து வந்தார். செத்துப்போன பெண்ணின் கணவர்.

தயங்கித் தயங்கிக் கட்டிலருகே வந்தார். பிறகு மாவுக்கட்டின்மேல், வலிக்குமோ என்ற பயத்தோடு, உள்ளங்கையை வைத்தார்.

"ரெண்டு மாசமா தெருவுல வர்ற ஒவ்வொரு வெள்ளை வண்டி முன்னாடியும் போய் நின்னு பார்ப்பேன் சார். நசுங்கியிருக்கா, கீறியிருக்கான்னு. டிரைவருங்க திட்டுவாங்க. ஒருத்தன் இறங்கி அடிச்சுப்புட்டான். இன்னைக்குக் காலையில பெருக்கும்போது ஒரு வெள்ளை வண்டி போச்சு. நான் பாட்டுக்குப் பெருக்கிட்டே இருந்தேன்."

மருந்துக்கடைக்காரரின் கண்ணோரம் நனைந்து, தாடைக்கட்டுக்குள் இறங்கியது. துடைக்க அவர் விரல்கள் கட்டுக்குள் இருந்தன. டீச்சர் துடைத்துவிட்டார். பிறகு தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை வந்தவர் பக்கம் நகர்த்தினார்.

"உக்காருங்கண்ணே," என்றார்.

அவர் உட்கார்ந்தார்.